ரெங்கம்மா போட்ட கிரேட்

என்னைப் பிழை என்று காட்டியவர்கள் என் வாழ்க்கையில் நிறையப் பேர். தபாலதிபர், கணக்காய்வுக்கு வந்த அதிகாரிகள், என் மனைவி இராசமணி என்று வரிசை நீளும். அவர்களில் ஒருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை, சொல்லும் எண்ணமும் இல்லை. ஒரேயொருவருக்கு மட்டும் கடமைப்பட்டிருக்கிறேன். வாயால் ஒருமுறை சொன்னேன்தான். அது போதாது என்று படுவதால் எழுதுகிறேன்.

அவர் பெயர் ரெங்கம்மா. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்தவர். நான் செல்வரத்தினம், சாவகச்சேரிப் பக்கம். பண்டாரவளைத் தபாற்கந்தோரில் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். நேரில் நான் அவரை ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுவது காலம் பிந்திய மரியாதை. எங்கள் திணைக்களத்தில் பிந்தி வந்த கடிதத்தையும் கொடுத்துவிடத்தான் வேண்டும்.

எங்களைப் பழக்கமாக்கியது பழைய காமிக்ஸ் புத்தகங்கள். நாற்பதைத் தாண்டிய அரசாங்க ஊழியன் சித்திரக்கதை சேர்க்கிறான் என்றால் கந்தோரில் சிரிப்பார்கள் என்று நான் அதைக் களவு போலச் செய்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கறி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சந்தைக்குப் பின்னால் இருந்த பாறூக் நானாவின் பழைய பேப்பர் கடைக்குப் போவேன். வீடு வீடாக நிறுத்து வாங்கிய தாள்களை அவர் சரை, அதாவது காகிதப் பொட்டலம், சுற்றுவதற்குப் பலசரக்குக் கடைகளுக்கு விற்பார். அந்தக் குவியலுக்குள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தியாவிலிருந்து வந்த காமிக்ஸ்கள் எப்போதாவது கிடைக்கும். இரண்டு கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கழித்து வீடு திரும்பும் என்னை இராசமணி எப்படிச் சந்தேகப்படாமல் இருந்தாளோ தெரியாது.

1993இல் ஒரு ஞாயிறு நான் போனபோது கடைக்குள் ஒரு பெண் குந்தியிருந்து காமிக்ஸ்களை நான்கு கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். மெலிந்த, சுறுக்கான ஆள். நான் குனிந்து ஒரு கட்டின் மேலிருந்த புத்தகத்தை எடுக்கப் போனேன்.

“அதத் தொடாதீங்க சேர், அது பி.ஓ.பி. கைய ஒருக்கா தொடச்சிட்டு எடுங்க.”

அப்போதுதான் வடை தின்றுவிட்டு வந்திருந்தேன். விரலில் எண்ணெய். அது எனக்கே தெரியாமல் அவருக்குத் தெரிந்ததில் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாறூக் நானா சிரித்தபடி, “கோவிச்சிடாதீங்க சேர், இவங்கதான் எங்கட கிரேட் அக்கா. இவங்க பார்த்துக் குடுத்தாத்தான் நான் புத்தகத்த சரைக்குப் போடாம எடுத்துவைப்பேன்” என்றார்.

பி.ஓ.பி. என்பது தேயிலைத் தூளின் தரப் பெயர். ரெங்கம்மா தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்தார். தோட்டத்தில் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்பார்கள். அரைத்துக் காய்ந்த தேயிலையைச் சலித்து, காம்பும் நாரும் பொறுக்கி, பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிப்பது அந்த அறையின் வேலை. அதே தராசைத்தான் அவர் காமிக்ஸுக்கும் பிடித்தார். அட்டை, கம்பிப் பின், பக்கம் எல்லாம் முழுதாக இருந்தால் பி.ஓ.பி. மூலை மடிந்திருந்தால் எஃப். கிழிசல், எண்ணெய், பேனாக் கிறுக்கல் என்றால் டஸ்ட். அட்டையே இல்லாதது ஓஃப் கிரேட். தேயிலையில் இவை துணிக்கையின் அளவுக்கான பெயர்கள், நல்லது கெட்டதுக்கு அல்ல என்று நான் ஒருமுறை பெரிய மேதாவி போலச் சொன்னேன். “தெரியுமுங்க சேர். முழுசா இருக்கா ஒடஞ்சிருக்காங்கிறதுதானே ரெண்டுலயும் கேள்வி?” என்றார்.

அவர் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். பதின்மூன்று வயதில் கூட்டுறவுக் கடையில் வாங்கிய சீனியைச் சுற்றியிருந்த தாளில் ஒரு படக்கதையின் இரண்டு பக்கம் இருந்ததாம். கயிற்றில் தொங்கிய ஒருவன் விழுந்தானா பிழைத்தானா என்று தெரியாமல் போன அந்த இரண்டு பக்கத்தில் தொடங்கியது இந்தப் பைத்தியம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், தன் காம்பரா அறைக்குள் ஒரு பழைய தேயிலைப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே மினுங்கும் ஈயத்தாள் ஒட்டிய, ஸ்டோரில் கழித்துவிட்ட பெட்டி. ஊவா மலையின் ஈரத்துக்கு என் வீட்டு அலுமாரியில் புத்தகங்கள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்க, அவருடைய பெட்டிக்குள் புத்தகங்கள் அப்பளம் போல மொறுமொறுவென்று இருந்தன. டஸ்ட்டை லயத்தில் யாரும் இரவல் வாங்கலாம். பி.ஓ.பி.யைப் பார்க்க மட்டும் விடுவார், அதுவும் கை கழுவிய பிறகு. “கல்யாணச் சேலையக்கூட இப்புடிப் பொத்தி வச்சதில்லீங்க” என்று, நான் ஒருமுறை அங்கே போனபோது அவருடைய கணவர் இராசையா என்னிடம் முறைப்பட்டார்.

அவரிடம் எனக்கு எரிச்சல் தந்த ஒரு பழக்கம் இருந்தது. எதற்கெடுத்தாலும் நன்றி. பாறூக் நானா குந்த ஒரு சாக்கைப் போட்டால் “நல்லா இருக்கணும் நானா.” நான் ஒரு டஸ்ட்டைத் தள்ளிவிட்டால் “நல்லா இருக்கணும் சேர்.” ஒரு கந்தல் புத்தகத்துக்கு இவ்வளவு வாழ்த்தா என்று நினைப்பேன். வாழ்த்தை வாங்கி வைத்துக்கொள்ளவும் ஒரு மனப்பக்குவம் வேண்டும், அது அப்போது என்னிடம் இருக்கவில்லை.

1996இல் அவர் வாழ்க்கை ஒரு வார்த்தையில் புரண்டது. ஒருநாள் பெட்டியில் அடைக்கத் தயாராக இருந்த பி.ஓ.பி. குவியலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது கலந்திருக்குங்க. பழைய தூளும் புதுத் தூளும் ஒண்ணாக் கெடக்கு” என்று டீமேக்கரிடம் சொல்லியிருக்கிறார். டீமேக்கர் என்றால் ஸ்டோருக்குப் பொறுப்பானவர். நாலு பேருக்கு முன்னால் சொன்னதுதான் வினை. டீமேக்கரும் ஒரு பிடியை எடுத்துப் பார்த்து, “ஒனக்குக் கண்ணு போயிருச்சு” என்றாராம். மறுநாள் காலைப் பெரட்டில், அன்றைய வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், ரெங்கம்மாவின் பெயர் மலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களோடு கூப்பிடப்பட்டது. பதினெட்டு வருடம் சலித்த கை கூடையைத் தூக்கியது. அந்தத் தூள் கொழும்புக்குப் போய்விட்டது. கலந்திருந்ததா இல்லையா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகும் அவர் கடைக்கு வந்தார், கிரேட் போட்டார். ஆனால் ஒரு வால் சேர்ந்துகொண்டது. “இது எஃப்... சரியா இருக்குமுங்களா சேர்?” ஒவ்வொரு புத்தகத்துக்கும் இந்தக் கேள்வி. நான் பெருமையோடு “சரிதான்” என்பேன். என்னை மதித்துக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு அவருடைய கண் மேலேயே நம்பிக்கை போய்விட்டது என்பது எனக்குப் படவில்லை. முத்திரைக்கு முத்திரை குத்திப் பழகிய எனக்கு மனிதர் முகம் அவ்வளவாக வாசிக்க வராது.

இனி என் புத்தகத்துக்கு வருகிறேன். ‘ஏழாம் படகு’ என்ற காமிக்ஸின் முதல் இதழ், மதுரையில் 1968இல் அச்சானது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு சேகரிப்பாளரிடம் என்னுடைய பத்துப் புத்தகத்தைக் கொடுத்து அந்த ஒன்றை வாங்கியிருந்தேன். அதை யாருக்கும் காட்டியதில்லை. 2002இல் சமாதான காலம் வந்து பாதைகள் திறந்ததும், கனடாவில் இருந்த என் அண்ணன் மகன் யதுர்ஷன் ஊர் பார்க்க வந்தான். அவன்தான் சொன்னான், அமெரிக்காவில் காமிக்ஸுக்குத் தரம் போடுவதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றனவாம். புத்தகத்தை அனுப்பினால் நிபுணர்கள் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, குறைகளை எழுதி, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் திறக்க முடியாதபடி அடைத்துத் தருவார்களாம். எனக்கு நித்திரை போய்விட்டது. எட்டுக்குக் குறையாது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அவன் திரும்பிப் போவதற்கு முந்தின ஞாயிறு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாறூக் நானாவின் கடைக்குப் போனேன். காட்டிப் பெருமைப்படத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன். கடையில் வேறு இரண்டு மூன்று பேரும் நின்றார்கள். ரெங்கம்மா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, இரு கையாலும் வாங்கினார். அட்டையைப் பார்த்தார். பிறகு முதுகைப் பார்த்தார். நடுவில் விரித்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். நான் ‘பி.ஓ.பி.’ என்ற சொல்லுக்காகக் காத்து நின்றேன்.

“கலந்திருக்குங்க சேர்” என்றார்.

“என்னது?”

“நடுத்தாளு வேற புத்தகத்துதுங்க. மத்த எல்லாத் தாள்லயும் பின் குத்துன எடத்துல துரு எறங்கியிருக்கு, இதுல மட்டும் இல்ல. பின்னு ஒருக்கா கழட்டி மாட்டுனது. தாளும் ஒரு பொட்டு வெளுப்பு... சரியா இருக்குமுங்களா சேர்?”

அந்தக் கேள்வியிலாவது நான் நிதானித்திருக்கலாம். நின்றவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். ‘கலந்திருக்கு’ என்பது தூள் அறையில் ஒரு சாதாரணச் சொல். என் காதிலோ அது கலப்படச் சாமான் வைத்திருக்கிறாய் என்று விழுந்தது. வாயில் வந்ததைக் கொட்டினேன்.

“அதுக்குத்தானே உம்மை ஸ்டோரில இருந்து கலைச்சவங்கள்! கண் தெரியேல்லை எண்டுதானே மலைக்கு அனுப்பினவங்கள்! இனி என்ர புத்தகத்துக்கும் கிரேட் போட வந்திட்டீரோ?”

ரெங்கம்மா புத்தகத்தை மேசையில் மெதுவாக வைத்தார். “சரிங்க சேர். எனக்குத்தான் தெரியல போல” என்று சொல்லிவிட்டு, குந்தியிருந்த சாக்கை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப் பக்கம் வரவில்லை. பாறூக் நானாவுக்குக் கிரேட் பார்க்க ஆளில்லாமல் காமிக்ஸ்கள் மறுபடியும் சரைக்குப் போகத் தொடங்கின. நானா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

புத்தகம் யதுர்ஷனின் கைப்பையில் போனது. இருபத்திரண்டு வருடம் தபால் திணைக்களத்துச் சோறு தின்றவன், என் புத்தகத்தைத் தபாலில் போடத் துணியவில்லை. ஆனால் பெடியன் அதை அடுத்த வருடம் ஜூன் மாதம் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினான். அது வேறெங்கும் போகாமல் என்னுடைய கவுண்டருக்கே வந்து, என்னிடமே கையெழுத்துக் கேட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு உறையை உடைத்தேன். கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக்குக்குள் என் ‘ஏழாம் படகு’. மேலே ஒரு சீட்டு. அதில் எண் மூன்றரை. எண்ணுக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. நடுத்தாள் வேறொரு பிரதியிலிருந்து சேர்க்கப்பட்டது. பின்கள் கழற்றி மீண்டும் பொருத்தப்பட்டவை.

ஆத்திரம் வந்தது முதலில் அந்த நிபுணர்கள் மேல், பிறகு கொட்டாஞ்சேனைக்காரன் மேல். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதவர்கள் பூதக்கண்ணாடியும் விளக்கும் வைத்துக் கண்டுபிடித்ததை, ரெங்கம்மா பாறூக் நானாவின் வாசல் வெளிச்சத்தில் இரண்டு நிமிடத்தில் சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் என்ன செய்தேன்? புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். எனக்கும் யதுர்ஷனுக்கும் தவிர வேறு யாருக்குத் தெரியும்? மூன்று நாள் அது லாச்சியில் கிடந்தது. நாலாம் நாள் இராசமணி, “உங்கட முகம் ஏன் இப்பிடி இருக்கு, ஆரும் செத்திட்டினமோ?” என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்காய் விசயமும் சேர்த்து. அவள் கேட்டுவிட்டு, “அந்த மனுசி இப்ப என்ன செய்யுதாம்?” என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பதினொரு மாதம் ஒருவரை அவமதித்துவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று ஒருமுறைகூட விசாரிக்காதவன் நான்.

அன்று பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. உடனே பஸ் ஏறினேன். ஹல்துமுல்லையில் இறங்கித் தோட்டப் பாதையில் ஏறி நடந்தபோது மூச்சு வாங்கியது. லயத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ரெங்கம்மா காம்பரா வாசலில் சுளகோடு இருந்து சோற்றரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, “வாங்க சேர், உக்காருங்க” என்று பலகையைத் துடைத்துப் போட்டார். கோபத்தின் அடையாளமே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சீட்டை விரலால் தொட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். மூன்றரை. நடுத்தாள் வேறு பிரதியுடையது. பின் கழற்றி மாட்டியது.

“நீர் சொன்னதுதான் ரெங்கம்மா. ஒரு சொல்லும் மாறாமல் நீர் சொன்னதுதான். நான்தான் பிழை. அண்டைக்கு நான் சொன்னது மகா பிழை. என்னை மன்னிக்க வேணும்.”

அவர் மன்னிப்பைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. பிளாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நடுத்தாளுன்னே போட்டிருக்காங்களா சேர்?”

“ஓம்.”

“பின்னும்?”

“பின்னும்.”

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “அப்ப அன்னைக்கு ஸ்டோர்லயும் கலந்துதான் இருந்துச்சுங்களா சேர்?” என்று கேட்டார்.

ஏழு வருடத்துக்கு முன் கொழும்புக்குப் போன தூளை யார் கண்டார்கள்? ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் சீட்டு தேயிலைக்குச் சாட்சி சொல்லாது. அரசாங்க ஊழியனாகத் தெரியாததைத் தெரியாது என்று எழுதியே பழகியவன் நான். ஆனாலும் அந்தக் கண்ணைப் பார்த்து வேறு எதையும் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கு உண்மையாகவே வேறு எதுவும் தோன்றவும் இல்லை.

“கலந்துதான் இருந்தது ரெங்கம்மா. நீர் கண்டால் அது கலந்துதான் இருந்திருக்கும்.”

அவர் அழுதார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுளகில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏழு வருசமா எங் கண்ண நானே நம்பலைங்க சேர்” என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “அவுங்க சொன்னதக்கூடத் தாங்கிக்கிட்டேன். நெசமாவே போயிருச்சோன்னு எனக்கே பயம். அரிசியில கல்லு பொறுக்குனாக்கூடப் பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமியக் கூப்புட்டு ஒருக்கா பாரும்மான்னு காட்டிட்டுத்தான் ஒலையில போடுவேன். யாரு பல்லுலயாவது கல்லு பட்டுருச்சுன்னா என்னா சொல்லுவாங்கன்னு...” பிறகு என்னைப் பார்த்து இரு கையையும் கூப்பினார். “இம்புட்டுத் தூரம் ஏறி வந்து சொன்னீங்களே சேர். மறச்சிருந்தா எனக்கெப்புடித் தெரியும்? நீங்க நல்லா இருக்கணும்.”

மூன்று நாள் லாச்சிக்குள் மறைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். அதையும் சொல்லாமல் அந்த வாழ்த்தை வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. “நாலாம் நாளு வந்தீங்கல்ல” என்றார். நானும் கையைக் கூப்பி நன்றி சொன்னேன். என் வாழ்க்கையில் கந்தோர்க் கடிதத்தின் அடியில் எழுதாமல், வாய் திறந்து முழு மனதோடு சொன்ன முதல் நன்றி அதுதான் என்று நினைக்கிறேன்.

இராசையா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அடுத்த ஞாயிறு கடைக்கு வர வேண்டும், பாறூக் நானா ஒரு மூடை சேர்த்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன். சேர்த்து வைத்திருக்கவில்லை, போய்த்தான் சொல்ல வேண்டும். ரெங்கம்மா தலையாட்டிவிட்டு மறுபடியும் சுளகை மடியில் வைத்துக்கொண்டார். பேசிக்கொண்டே விரல் அரிசியில் ஓடியது. இரண்டு கல், ஒரு நெல், ஒரு உமி எடுத்து வெளியே எறிந்தார்.

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். அவள்தான் விஜயலெட்சுமி போலிருக்கிறது. தினமும் இந்த நேரத்துக்கு வந்து பழக்கம்.

“என்னாக்கா, அரிசி பாக்கணுமா?”

“வேணாம்மா” என்றார் ரெங்கம்மா. “நான் பாத்துட்டேன்.”

சுளகோடு எழும்பி உள்ளே போய், அரிசியை உலையில் போட்டார். அன்று மத்தியானம் நான் அங்கேதான் சாப்பிட்டேன்.